கணினித் திரையில் கிரிக்கெட்டும் கால்பந்தும்: சில கசப்பான ஒப்பீடுகள்

ஒவ்வொரு பொங்கலுக்கும் இது நடக்கிறது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் ஊர் திரும்பும் நண்பர்கள் திருக்கோகர்ணத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். புத்தகங்களைப் பற்றிய பேச்சு வேட்டி நனையும் அளவுக்கு வியர்க்க வைத்து ஓய்ந்தபின், யாரேனும் ஒருவர் பெருமூச்சுடன் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிடுவார்: "என்ன இருந்தாலும் கிரிக்கெட் 07 மாதிரி ஒரு கேம் இனி வராதுப்பா." உடனே எல்லாத் தலைகளும் ஆடும். இறந்துபோன தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது ஆடுமே, அந்த ஆட்டம். இவ்வாண்டு எங்களில் சிலர் தலையாட்ட மறுத்தோம். திண்ணையில் முடியாத அந்தச் சண்டையின் எழுத்து வடிவமே இது.

எங்கள் கட்சி இதுதான்: கிரிக்கெட்டை வைத்துச் செய்யப்பட்ட கணினி ஆட்டங்களில் பெரும்பாலானவை கிரிக்கெட்டே அல்ல. அவை கிரிக்கெட் ஒளிபரப்பின் நகல்கள். அதே காலத்தில் வந்த கால்பந்து ஆட்டங்களோ, தம் எல்லாக் குறைகளோடும், கால்பந்தாக இருந்தன. இந்த வேறுபாட்டைப் பார்க்க மறுப்பதற்குப் பெயர் நினைவேக்கம். அதை ரசனை என்று அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஞானாலயாவில் பழம்பதிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டியவர்களுக்கு வீடியோ கேம் எதற்கு என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒரு தலைமுறையின் மாலைப் பொழுதுகளை விழுங்கிய ஒன்றைப் பற்றி விமர்சனமே எழாமல் இருப்பது நல்லதல்ல என்பதே எங்கள் பதில். திரைப்படத்தைப் பற்றி எழுதலாம், தொலைக்காட்சித் தொடரைத் திட்டலாம், இதைத் தொடக்கூடாது என்பது என்ன தீண்டாமை?

ஒப்பீடு நியாயமாக இருக்கவேண்டும் என்பதால் ஒரே காலத்தை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். அக்டோபரில் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6' ஆட்டத்தை வெளியிட்டது. நவம்பரில் ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் 'கிரிக்கெட் 07' வெளியிட்டது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் எச்.பி. ஸ்டூடியோஸ் அதை உருவாக்கியிருந்தது. சில வாரங்களில் இரண்டுமே திருட்டு வட்டுகளாகப் புதுக்கோட்டைக்கு வந்துசேர்ந்தன. கீழ ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மணிக்கு இருபது ரூபாய் வாங்கிய பிரவுசிங் சென்டரில், ஒரே கணினியில், ஒரே தேய்ந்த விசைப்பலகையில் இரண்டையும் ஆடினோம். வறுமையும் கருவியும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே 'வசதி இல்லை' என்ற வாதம் எந்தத் தரப்புக்கும் உதவாது.

முதலில் கிரிக்கெட் 07. பந்துவீச்சாளர் ஓடிவரத் தொடங்கியதும் ஆடுகளத்தின்மீது ஒரு குறி தோன்றும். பந்து எங்கே விழப்போகிறது என்பதைக் காட்டும் குறி அது. பந்து வீசுபவர் அதை நகர்த்தலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறி மட்டையாளரின் கண்ணுக்கும் தெரியும். பந்து இன்னும் கையைவிட்டுக் கிளம்பவில்லை, அதற்குள் அது விழும் இடம் அம்பலமாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய கேலி கிரிக்கெட்டுக்குச் செய்யப்பட்டதில்லை என்றே சொல்வோம். மட்டைவீச்சு என்னும் கலை முழுவதும் எதில் அடங்கியிருக்கிறது? பந்து கையைவிட்டுப் புறப்பட்டபின், அது எந்த நீளத்தில் விழும் என்பதைக் கண்ணால் அளந்து, முன்காலா பின்காலா என்று நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிவெடுப்பதில். அந்த ஐயம்தான் கிரிக்கெட். துப்பறியும் கதையின் முதல் பக்கத்திலேயே கொலைகாரன் பெயரை அச்சிட்டு விற்பதைப்போல, அந்த ஐயத்தை எடுத்துவிட்டு மீதியை நமக்குக் கொடுத்தார்கள். நாமும் வாங்கிக்கொண்டு, ஓவருக்கு முப்பத்தாறு ஓட்டங்கள் எடுத்துப் புல்லரித்துப் போனோம்.

மட்டையாளரின் அசைவுகளுக்கென அந்த ஆட்டத்தில் 'செஞ்சுரி ஸ்டிக்' என்றொரு வசதியைப் பெருமையாக விளம்பரப்படுத்தினார்கள். ஆட்டக்கோலின் குச்சியைத் திருப்பிய திசையில் அடி போகும். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனால் வினாத்தாள் முதல்நாளே கையில் கிடைத்துவிட்ட மாணவனுக்கு விலையுயர்ந்த பேனா வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

ஆடுகளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பச்சையாக இருக்கிறதா, வறண்டிருக்கிறதா என்று பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வளவுதான். வற்றிய கண்மாய்க்குள் டென்னிஸ் பந்து வைத்து ஆடிய எந்தப் புதுக்கோட்டைப் பையனுக்கும், காலையில் எழும்பிய இடத்தில் மாலையில் பந்து உருண்டுபோகும் என்பது தெரியும். வெடிப்பு எங்கே இருக்கிறது, மாட்டின் குளம்பு பதிந்து காய்ந்த குழி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் பந்துவீசுகிறவனின் சொத்து. செம்மண் கரைக்குப் பக்கமாக ஆடுவதும் கரிசல் படிந்த நடுக்கண்மாயில் ஆடுவதும் ஒன்றல்ல. மண் என்னும் மூன்றாவது ஆட்டக்காரர் கிரிக்கெட்டில் உண்டு. கால்பந்திலோ கபடியிலோ மண்ணுக்கு இவ்வளவு பேச்சுரிமை கிடையாது. கிரிக்கெட் 07 அந்த ஆட்டக்காரரை அணியிலேயே சேர்க்கவில்லை.

காலம் என்பதும் அதற்குப் பிடிபடவில்லை. டெஸ்ட் போட்டி என்றொரு தேர்வு இருந்தது உண்மை. கணினி ஆடும் அணி அதில் ஐந்து நாள் ஆட்டத்தை ஐம்பது ஓவர் ஆட்டமாகவே நினைத்துக்கொண்டு விளாசி, உணவு இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில் சுருண்டுவிடும். நாங்கள் ஒருமுறைகூட ஐந்தாம் நாளைப் பார்த்ததில்லை. (பிற்பாடு, 2012 வாக்கில், சென்னைக்கு வெளியே இருந்த நாமெல்லாம் நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்த காலத்தில், ஒரு டெஸ்ட் போட்டியை முடிக்க இன்னொரு காரணமும் தடையாக இருந்தது. அதற்கு ஈ.ஏ. நிறுவனத்தைக் குறைசொல்ல மாட்டோம்.) ஓட்டமே எடுக்காமல் ஒரு மணிநேரம் நின்று ஆட்டத்தைக் காப்பாற்றும் மட்டையாளரின் மகத்துவம் அந்த ஆட்டத்தின் அகராதியில் இல்லை. தடுத்தாடும் விசை ஒன்று இருந்தது. அதை யாரேனும் அழுத்திப் பார்த்ததாக எங்களுக்கு நினைவில்லை.

அப்படியானால் எதைத்தான் ஒழுங்காகச் செய்தார்கள்? வர்ணனையை. ரிச்சி பெனோவும் மார்க் நிக்கலஸும் பேசினார்கள். கேமராக் கோணங்கள், மெதுவோட்டக் காட்சிகள், ஓட்டக்கணக்குப் பட்டை எல்லாம் கச்சிதமாக இருந்தன. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் அத்தனையும் அங்கே இருந்தது. களத்தில் நிற்பவர் உணரும் எதுவும் அங்கே இல்லை. ஒளிபரப்பின் நகல் என்று மேலே சொன்னது இதைத்தான். அதில் நாம் மயங்கிய காரணமும் வெட்கத்துக்குரியது. நம்மில் பலருக்குக் கிரிக்கெட் என்றால் தொலைக்காட்சிப் பெட்டிதான். கண்மாய்க்குள் கற்றதைத் திரைமுன் உட்கார்ந்ததும் மறந்துபோனோம்.

இனி அதே கணினியில் அந்தக் கொனாமி வட்டைச் சுழலவிடுவோம். 'பெஸ்' என்று நாங்கள் சுருக்கி அழைத்த அந்தக் கால்பந்து ஆட்டத்தின் வர்ணனை படுமோசம். பார்வையாளர்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவர்கள்போல் இருப்பார்கள். பல பெரிய கழகங்களின் உரிமம் அவர்களிடம் இல்லை. லிவர்பூல் அணி 'மெர்சிசைடு ரெட்' என்ற மாறுவேடத்தில் வரும். அதன் மாஸ்டர் லீக்கில் நமக்குக் கிடைக்கும் தொடக்க அணியில் காஸ்டோலோ போன்ற உலகில் எங்குமே இல்லாத ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். ஆனால் பந்து? பந்து அதில் தனி உயிராக இருந்தது. காலில் ஒட்டிக்கொண்டு வராது. ஒவ்வொரு தொடுகைக்கும் சற்று முன்னே ஓடும், அந்த இடைவெளியில் எதிராளி காலை நுழைப்பான். உடலைத் திருப்பாமல் தட்டிய பந்து திசைமாறிப் போகும். களைத்த ஆட்டக்காரன் கடைசிப் பத்து நிமிடங்களில் பாதி தூரத்தில் நின்றுவிடுவான். சிங்கோ தகாட்சுகா என்ற அந்த வடிவமைப்பாளருக்குக் கால்பந்தில் எது முக்கியம், எது அலங்காரம் என்பது தெரிந்திருந்தது. பணம் குறைவாக இருந்ததால் அலங்காரத்தைக் கைவிட்டார்.

உரிமம் இல்லாததால்தான் கிரிக்கெட் ஆட்டங்கள் வளரவில்லை என்று சப்பைக்கட்டு கட்டும் நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். கிரிக்கெட் 07இல் இந்திய வீரர்களின் பெயர்கள் திரிந்துபோயிருந்தது உண்மை. அதைத் திருத்த இணையத்தில் ஆர்வலர்கள் இணைப்புக் கோப்புகளை வெளியிட்டதும், அவற்றைப் பதிவிறக்க நாங்கள் மணிக்கணக்கில் காத்திருந்ததும் உண்மை. பெயர் திருந்தியது. பந்து விழும் இடத்தைக் காட்டும் குறி போனதா? காஸ்டோலோ என்ற இல்லாத மனிதன் எங்களுக்கு உயிருள்ளவனாகத் தெரிந்தான். டெண்டுல்கரின் முகம் ஒட்டப்பட்ட பொம்மை கடைசிவரை பொம்மையாகவே இருந்தது.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளங்கும்படி ஒன்று சொல்லலாம். தமிழகத்திலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் நம்முடையது. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு பெரும்பாலும் நம் தச்சங்குறிச்சியில்தான். வாடிவாசல் திறக்கும் கணத்தில் காளை இடப்பக்கம் பாயுமா, வலப்பக்கம் பாயுமா, நின்று சுற்றுமா என்பது காளைக்காரருக்கே தெரியாது. காளை எந்தப் பக்கம் பாயும் என்று தரையில் முன்கூட்டியே சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டால் அங்கே நிற்கும் மாடுபிடி வீரருக்கு என்ன மரியாதை இருக்கும்? பெஸ் ஆட்டத்தின் பந்து காளையாக இருந்தது. கிரிக்கெட் 07இன் பந்து சுண்ணாம்புக் கோட்டின்மேல் நடந்து வந்த உழவுமாடு.

அடுத்த சப்பைக்கட்டு இன்னும் அறிவார்ந்த தோற்றம் கொண்டது. கால்பந்து இடையறாது ஓடும் ஆட்டம், கணினிக்கு ஏற்றது. மட்டையும் பந்தும் உள்ள ஆட்டம் நின்று நின்று நடப்பது, அதைக் கணினியில் கொண்டுவர முடியாது என்பார்கள். அமெரிக்காவின் பேஸ்பால் இந்த வாதத்தைப் பொடிப்பொடியாக்குகிறது. அதுவும் மட்டை, பந்து ஆட்டம்தான். அதுவும் ஒவ்வொரு பந்துக்கும் நின்று நடப்பதுதான். அதே ஈ.ஏ. நிறுவனம் வெளியிட்ட 'எம்.வி.பி. பேஸ்பால் 2005' இன்றும் அவ்வகையின் சிகரங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. எங்கள் நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து அதன் வட்டைக் கொண்டுவந்தபோது, விதிமுறைகள் பாதி புரியாமலேயே இரண்டு இரவுகள் ஆடினோம். அதில் பந்து வீசப்படும்போது, கையைவிட்டுக் கிளம்பும் அந்தக் கணத்தில் மட்டும், அது எவ்வகைப் பந்து என்பதற்கேற்ப ஒரு நிறம் பளிச்சிட்டு மறையும். தேர்ந்த மட்டையாளரின் கண் பந்தின் சுழற்சியை அறிவதை அப்படிக் குறிப்புணர்த்தினார்கள். கவனியுங்கள்: பந்து கிளம்பும் கணத்தில், ஒரு நொடிச் சாயலாக. கிளம்புவதற்கு முன்பே, வட்டம் போட்டு அல்ல. பந்து வீசுகிறவருக்கோ அளவுகோல் ஒன்று, அதில் கை தவறினால் பந்து தவறும். இருவருக்கும் ஐயம், இருவருக்கும் அச்சம். ஒரே நிறுவனத்தின் இரண்டு படைப்புகள் இவை. ஒன்று தன் ஆட்டத்தைப் புரிந்துகொண்டது, மற்றொன்று புரிந்துகொள்ளவில்லை.

கிரிக்கெட் பேஸ்பாலைவிடக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பந்து தரையில் பட்டு எழுகிறது, மட்டையாளர் எல்லாத் திசையிலும் அடிக்கலாம், களம் முழு வட்டம். கடினம்தான், இயலாதது அல்ல. அதற்குச் சான்று, காலம் கடந்தேனும் 2014இல் மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட 'டான் பிராட்மன் கிரிக்கெட் 14'. அவர்கள் செய்த முதல் நற்காரியம், குறியை எடுத்ததுதான். பந்துவீச்சு குச்சிகளின் அசைவில், ஓட்டத்தின் லயத்தில் அமைந்தது. மட்டையாளர் பந்தைப் பார்த்துத்தான் ஆடவேண்டும். முதல் மாலையில் எங்களில் எவரும் பத்து ஓட்டங்களைத் தாண்டவில்லை. 'மொக்கை கேம்' என்று ஒருவர் எழுந்து போனார். அவர்தான் இன்றைக்கும் கிரிக்கெட் 07 புகழ்பாடிகளின் தலைவர். அந்த ஆட்டத்திலும் குறைகள் மலிந்திருந்தன. களத்தடுப்பு கேலிக்கூத்து, உரிமங்களும் சொற்பம். ஆனாலும் ஒரு பந்தை அடிக்காமல் விட்டுவிடுவது புத்திசாலித்தனம் என்பதைக் கணினியில் நாங்கள் முதன்முதலாக உணர்ந்தது அதில்தான். அதன்பின் அதே நிறுவனத்திலிருந்து வந்த கிரிக்கெட் 19, 22, 24 ஆகியவை உரிமங்களிலும் பளபளப்பிலும் கூடின. அந்த முதல் துணிச்சல் அவற்றில் கூடியதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இடையில் 2013 நவம்பரில் நடந்த கூத்தை மறக்கக்கூடாது. 'ஆஷஸ் கிரிக்கெட் 2013' என்ற பெயரில் ஒரு ஆட்டம் கணினிக்கு வெளியானது. அதன் அவலம் தாங்கமுடியாமல் ஒரே வாரத்திற்குள் வெளியீட்டாளரே அதைத் திரும்பப் பெற்று, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டியதாயிற்று. இதுபோன்ற அவமானம் கால்பந்தில் நேர்ந்திருந்தால் அரங்கங்கள் எரிந்திருக்கும். கிரிக்கெட் அன்பர்கள் சிரித்துவிட்டு, கிரிக்கெட் 07க்குப் புதிய சீருடைக் கோப்புகளைப் பதிவிறக்கப் போனார்கள்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உலகிலேயே கிரிக்கெட்டை அதிகம் பார்க்கும் மக்கள் நாம். கிரிக்கெட் 07க்கு நம்மில் எத்தனை பேர் பணம் கொடுத்தோம்? இந்தத் திண்ணையில் ஒருவரும் இல்லை, இதை எழுதுகிறவர்களையும் சேர்த்து. அதன்பின் ஈ.ஏ. கிரிக்கெட் பக்கம் திரும்பவே இல்லை. ஐரோப்பியப் பையன் ஆண்டுதோறும் பணம் கட்டினான், கோபப்பட்டான், கேட்டுப் பெற்றான். 'ஃபிஃபா' வரிசை 2012, 2013 பதிப்புகளில் உடல் மோதலையும் முதல் தொடுகையின் தடுமாற்றத்தையும் புதிதாகக் கொண்டுவந்ததன் பின்னால் பெஸ் ஆட்டத்தோடான போட்டியும் அந்தக் கோபமும் இருந்தன என்பதே எங்கள் துணிபு. நாமோ இலவசமாகக் கிடைத்ததற்கு நன்றியுடையவர்களாக இருந்தோம். நன்றியுணர்ச்சி விமர்சனத்துக்கு நஞ்சு. நம் இலக்கியச் சூழலில் இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம்.

கால்பந்து ஆட்டங்களுக்கு நாங்கள் கொடிபிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2009இல் தொடங்கிய 'அல்டிமேட் டீம்' என்ற சீட்டுக்கட்டு வியாபாரம் அந்த வரிசையைச் சூதாட்ட விடுதியின் வாசல்வரை இழுத்துச்சென்றது. பெல்ஜிய அரசு அதட்டியபின், 2019இல் அந்நாட்டில் அதற்கான நாணய விற்பனையை ஈ.ஏ. நிறுத்திக்கொண்டது. ஃபிஃபா என்ற பெயரும் போய், 2023இலிருந்து 'ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் எஃப்.சி.' ஆகிவிட்டது. எங்கள் அருமைப் பெஸ் 2021இல் 'ஈஃபுட்பால்' என்று பெயர்மாறி, கோணல் முகங்களோடு வந்து உலகமே சிரிக்கும்படி ஆனது. அந்தச் செய்தி வந்த இரவு எங்களில் ஒருவர் உண்மையிலேயே சாப்பிடவில்லை. ஆயினும் வீழ்வதற்கு அவற்றுக்கு ஒரு உயரம் இருந்தது.

சென்னையிலிருந்து நெக்ஸ்ட் வேவ் மல்டிமீடியா உருவாக்கிய 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' கைபேசி ஆட்டங்களைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்பீர்கள். நம் ஊர்க்காரர்கள், 2015லும் 2020லும் வந்த அடுத்தடுத்த பதிப்புகளில் கைபேசியின் சிறு திரைக்குள் இவ்வளவு செய்ததைப் பாராட்டுகிறோம். பேருந்தில் அறந்தாங்கி போய்ச்சேர்வதற்குள் ஒரு போட்டி முடிந்துவிடும். குறையும் அதுதான். இரண்டு ஓவர், ஐந்து ஓவர் என்று ஆடும் ஆட்டத்தில் ஒரு பந்தை விட்டுவிடுவதற்கு எவருக்கு மனம் வரும்? கண்மாய்க்குள் ஆடிய பையனின் தம்பி இன்று அதே கரையில் உட்கார்ந்து அதை ஆடுகிறான். கண்மாய்க்குள் ஆட ஆள் சேரவில்லை என்கிறான்.

கிரிக்கெட் 07ஐ நாங்கள் வெறுக்கவில்லை. அந்த பிரவுசிங் சென்டரில் நாங்களே ஒரு விதியை ஏற்படுத்திக்கொண்டு இரண்டு கோடை விடுமுறைகள் ஆடினோம். பந்துவீச்சாளர் ஓடிவரும்போது மட்டையாளராக ஆடுகிறவர் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். பந்து கையைவிட்டுக் கிளம்பும் கணத்தில் வீசுகிறவர் "ம்" என்பார். அப்போதுதான் கண்ணைத் திறக்கலாம். "ம்" தாமதமாக வந்தது என்று சண்டை வரும். இமையிடுக்கில் பார்த்தான் என்று சண்டை வரும். கடைக்காரர் ஒருமுறை எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். அந்த விதியின்படி ஆடியபோது ஒருநாள் முழுக்க எடுக்கப்பட்ட அதிகபட்ச ஓட்டம் பதினேழு. எடுத்தவர் இவ்வாண்டு பொங்கலுக்கு வந்திருந்தார். தலையாட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்தப் பதினேழு அவருக்கு நினைவே இல்லை.